கணினித் திரையில் சோவியத் காலாட்படை: விலை மலிந்த வீரர்களா?



இரண்டாம் உலகப் போரைப் பற்றி மாணவர்களிடம் பேச்செடுத்தால் அண்மைக் காலமாக ஒரு விடை தவறாமல் வந்து விழுகிறது. "ரஷ்யர்களிடம் ஆள் அதிகம், ஐயா. செத்துக்கொண்டே இருப்பார்கள், வந்துகொண்டே இருப்பார்கள். அதனால்தான் வென்றார்கள்." இந்த விடை பாடநூலில் இல்லை. நூலகப் புத்தகத்திலும் இல்லை. விசாரித்துப் பார்த்தால், அண்ணன்மார் ஆடும் போர் வியூகக் கணினி விளையாட்டுகளிலிருந்து வந்தது என்று தெரியவருகிறது. அவற்றுள் பல பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கானவை என்பதை எத்தனை பெற்றோர் பெட்டியின் அட்டையில் பார்த்திருப்பார்கள்?

ஆயினும் இன்று நான் எழுத வந்தது வயது வரம்பைப் பற்றியன்று. அந்த விளையாட்டுகள் சோவியத் காலாட்படை வீரனை எவ்வாறு காட்டுகின்றன என்பதைப் பற்றியே.

2013ஆம் ஆண்டு வெளிவந்த 'கம்பெனி ஆப் ஹீரோஸ் 2' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்குப் போர்முனையே அதன் களம். அதில் ஜெர்மானியக் காலாட்படைக் குழுவொன்றில் நால்வர். சோவியத் கட்டாயப் படைக் குழுவில் அறுவர். தனித்தனியே பார்த்தால் ஜெர்மானியன் வலியவன். சோவியத் வீரன் எளியவன். ஒருவன் மடிந்தால் அவ்விடத்தை நிரப்ப ஆகும் செலவும் சோவியத் தரப்புக்குக் குறைவு. அதோடு, ஆள் குறைந்துபோன வேறொரு குழுவுக்குள் கட்டாயப் படையினரை அப்படியே கரைத்துவிடும் வசதியும் உண்டு. பின்னாளில் அவர்களை வலுப்படுத்த வந்த திருத்தங்களுள் ஒன்று என்ன தெரியுமா? குழுவில் ஏழாவது ஆளைச் சேர்ப்பது!

விளையாட்டு வடிவமைப்போரின் இக்கட்டு எனக்குப் புரியாமல் இல்லை. இரு தரப்பும் ஒன்றுபோலவே இருந்தால் ஆட்டம் சலித்துவிடும். வேறுபட்டும் இருக்க வேண்டும், வெற்றி வாய்ப்பும் சமமாக இருக்க வேண்டும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி வெட்டும், ஆடு வெட்டாது. ஆனாலும் ஆடுகள் கூடி நின்று புலியை அடைத்துவிடலாம். வலிமைக்கு எதிராக எண்ணிக்கையை நிறுத்திச் சமன் செய்வது பழைய உத்தி, நல்ல உத்தியும்கூட. ஆனால், ஆடு புலி ஆட்டம் எந்த நாட்டு மக்களையும் ஆடு என்று சொல்லவில்லை. போர் விளையாட்டோ உண்மையில் வாழ்ந்து மடிந்த மனிதர்களின் சீருடையை எடுத்து அந்த ஆடுகளுக்கு அணிவிக்கிறது. என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

வரலாற்றுப்படி பார்த்தால் அந்த நால்வர், அறுவர் கணக்கே பொருந்தாது. போர்க்காலத்தில் ஜெர்மானியக் காலாட்படையின் அடிப்படைக் குழுவில் ஏறத்தாழப் பத்துப் பேர் இருந்தனர். சோவியத் குழுவில் 1941இல் பதினொருவர். போரின் பிற்பகுதியிலோ ஒன்பதே பேர். ஆக, விளையாட்டில் நாம் காணும் கூட்டம் வரலாற்றிலிருந்து வந்ததன்று. சமநிலைத் தேவையிலிருந்து வந்தது. தேவை என்றால் இருக்கட்டும். ஆனால், அதை 'வரலாற்று மெய்ம்மை' என்று விளம்பரப்படுத்தலாமா?

அடுத்து, 227ஆம் எண் ஆணை. 1942 ஜூலை 28இல் ஸ்டாலின் பிறப்பித்தது. 'ஓர் அடிகூடப் பின்வாங்காதே' என்று சுருக்கமாக நினைவுகூரப்படுவது. தண்டனைப் படைப்பிரிவுகளும், பின்வாங்குவோரைத் தடுக்கும் தடுப்புப் படைகளும் அந்த ஆணையில் இருந்தன. அது கொடிய ஆணை என்பதில் ஐயமில்லை. விளையாட்டின் சில களங்களில் பின்வாங்கும் வீரர்களைச் சொந்த அதிகாரியே சுட்டு வீழ்த்துகிறார். அதைப் பார்க்கும் சிறுவன், தடுப்புப் படையின் வேலையே சுடுவதுதான் என்று முடிவு செய்துவிடுகிறான்.

ஆவணம் வேறு கதை சொல்கிறது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அக்டோபர் 15 வரை தடுப்புப் படைகள் பிடித்து நிறுத்தியவர்கள் 140,755 பேர். அவர்களுள் 131,094 பேர் தத்தம் பிரிவுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். தண்டனைப் பிரிவுகளுக்குச் சென்றோர் மூவாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. சுடப்பட்டோர் 1,189 பேர். இந்த 1,189 பேரும் ஒரு தாயின் பிள்ளைகளே. நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மீண்டும் தம் தோழர்களிடமே போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் உண்மையல்லவா? அந்தத் தொண்ணூறு பேர் திரையில் ஏன் வருவதில்லை? காட்சிக்குச் சுவை போதாது என்பதுதான் காரணம்.

இருவருக்கு ஒரு துப்பாக்கி என்னும் காட்சியும் இப்படியே பரவியது. 2001இல் வெளிவந்த 'எனிமி அட் த கேட்ஸ்' திரைப்படத்திலும், 2003இல் வந்த 'கால் ஆப் டூட்டி' விளையாட்டிலும் அதைப் பார்த்தவர்கள் பலர். ஆயுதப் பற்றாக்குறை இல்லவே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1941இல் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் அவசரமாகத் திரட்டப்பட்ட மக்கள் தொண்டர் படைகள் பயிற்சியும் கருவியும் போதாமல் களம் கண்டன, பேரழிவைச் சந்தித்தன. ஆனால், 1941இன் துயரத்தை 1945 வரை இழுத்துச் செல்வது எந்த நியாயம்?

ஸ்டாலின்கிராடில் சுயிக்கோவின் 62ஆம் படை கையாண்டது அலை அலையாக ஓடும் முறையன்று. சிறு சிறு தாக்குதல் குழுக்கள், கையெறி குண்டு, பிபிஎஸ்எச் துணை இயந்திரத் துப்பாக்கி, ஒவ்வொரு வீடாக, ஒவ்வோர் அறையாகப் போர். ஜெர்மானிய விமானங்கள் குண்டுவீச அஞ்சும்படி எதிரியின் முன்னணி வரிசையை ஒட்டியே நின்றார்கள். 1944 ஜூன் மாதம் பெலாரசில் தொடங்கிய பக்ராத்தியோன் நடவடிக்கையை எடுத்துக்கொண்டால், உக்ரைன் பக்கமே அடி விழும் என்று ஜெர்மானியத் தலைமையை நம்பவைத்துவிட்டு வேறு திசையில் தாக்கினார்கள். ரொக்கொசொவ்ஸ்கியின் படைகள் கடக்க முடியாதெனக் கருதப்பட்ட சதுப்பு நிலத்தில் மரக்கட்டைப் பாதை அமைத்தன. காலாட்படையினர் சேற்றில் புதையாமல் நடக்கப் பின்னப்பட்ட காலணி அணிந்து பயிற்சி பெற்றனர். ஜூலை 3ஆம் நாள் மின்ஸ்க் மீட்கப்பட்டது. எண்ணிக்கையும் அவர்கள் பக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால், சேற்றில் நடக்கக் கற்றுக்கொண்டு வந்தவனை 'வெறும் கூட்டம்' என்று எப்படிச் சொல்வது?

'ஆள் அதிகம்' என்னும் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தோற்றுப்போன ஜெர்மானியத் தளபதிகளின் போருக்குப் பிந்தைய நினைவுக் குறிப்புகளிலிருந்து. மான்ஸ்டைனின் நூல் 1955இல் வெளிவந்தது. ஹால்டர் போன்றோர் அமெரிக்கப் படையின் வரலாற்றுப் பிரிவுக்காகவே எழுதிக் கொடுத்தனர். தோற்றவன், "என்னைவிட அவன் கெட்டிக்காரன்" என்பானா? "ஆளை இறக்கி அமுக்கிவிட்டான்" என்றுதான் சொல்வான். நம் விளையாட்டுத் திடலில் நாள்தோறும் கேட்பதுதானே!

இழப்புக் கணக்கைக் காட்டி மறுப்போர் உண்டு. சோவியத் படையின் உயிரிழப்பு ஏறத்தாழ 87 இலட்சம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஆனால், எல்லாரும் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடி மாண்டவர்கள் அல்லர். சிறைப்பட்ட சுமார் 57 இலட்சம் பேருள் 33 இலட்சம் பேர் வரை ஜெர்மானியர் பிடியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். இந்தச் செய்தியை எந்த வியூக விளையாட்டும் சொல்வதில்லை. 'ரஷ்யன் உயிரை மதிக்காதவன்' என்று கற்ற பிள்ளை, அவன் உயிரை மதிக்காதவர் வேறு யார் என்று கேட்கவே வாய்ப்பில்லாமல் போகிறது.

2013இல் ரஷ்யாவில் எழுந்த எதிர்ப்பால் இவ்விளையாட்டின் விற்பனையை அங்குள்ள விநியோகிப்பாளர் நிறுத்திக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிர்த்தோருள் சிலர் 227ஆம் ஆணையைப் பற்றியே பேசக்கூடாது என்றனர். அதுவும் வரலாற்றை மூடுவதுதான். பேச வேண்டும், முழுமையாகப் பேச வேண்டும். சமநிலைக்கு வழியா இல்லை? சோவியத் தரப்புக்குப் பீரங்கி வலிமையைக் கொடுக்கலாம்; எதிரியை ஏமாற்றும் ஆற்றலைக் கொடுக்கலாம்; 1941இல் தடுமாறும் குழு 1944இல் தேர்ந்த குழுவாக வளர்வதைக் காட்டலாம். ஆட்டமும் சுவைக்கும்.

எங்கோ உள்ள ரஷ்யனுக்காக இந்த ஆசிரியருக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்பீர்கள். சயாம் மரண இரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். போர்க்கைதிகளைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம்மவர் அவர்களுள் மிகப் பலர். 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தைப் பார்த்த உலகம் அந்தப் பாதையை வெள்ளைக்காரக் கைதிகளின் கதையாகவே அறிந்துகொண்டது. பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட படைப்பு வரலாற்றின் இடத்தில் அமர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெற்றோர்களே, கணினியைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. பதினாறு வயதைக் கடந்த பிள்ளை ஆடும்போது ஒருமுறை அருகில் அமருங்கள். "இந்தக் குழுவில் ஏன் ஆறு பேர், அந்தக் குழுவில் ஏன் நான்கு பேர்?" என்று கேளுங்கள். "அப்போதுதான் ஆட்டம் சமமாக இருக்கும்" என்று பதில் வந்தால், "உண்மையில் எத்தனை பேர்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.