காம்பராவுக்குள் ஒரு ரப்பர் பட்டி

"மலை ஏறி இறங்குறவங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" தோட்டத்தில் இதைக் கேட்காத ஆளில்லை. நாங்களும் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் அம்மாமார் நாள் முழுக்கச் செய்வது ஒரே அசைவுதான்: குனிந்து கொழுந்து எடுப்பது, முதுகில் கூடை சுமப்பது. நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற பயத்தில் கை நிற்பதும் இல்லை. இதில் உடம்பு தேய்கிறதே தவிரத் தேறுவதில்லை.

பிள்ளைகள் எங்கள் கதை வேறு. கொழும்புக் கடையில் நின்றபடி, இல்லாவிட்டால் ஏ.எல். புத்தகத்தோடு உட்கார்ந்தபடி. வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலசைவும், 2 நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக ஹட்டன் டவுன் ஜிம்முக்குப் போக பஸ் காசும் கட்டணமும் யார் தருவது?

ஸ்கிப்பிங் கயிறு மலிவு. ஆனால் காம்பராவில் வீச இடமில்லை. குதித்தால் பக்கத்து வீட்டார் சத்தம் போடுவார்கள். மழை விட்டால் வாசலில் அடிக்கலாம். ரப்பர் பட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. இரு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நேராக அகல இழுங்கள். நாளெல்லாம் குனிந்த தோளின் பின்பக்கத் தசைகளுக்கு வேலை கிடைக்கும். ஏற்கனவே நோவு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

பட்டி சம்பளத்தைக் கூட்டாது, லயத்தை வீடாக்காது. அந்தக் கோரிக்கைகளை விடவும் மாட்டோம். ஆனால் அவை கிடைக்கும் நாளில் அம்மாவின் முதுகும் நிமிர்ந்திருக்க வேண்டாமா? ஒன்று வாங்குங்கள். அம்மாவுக்கும் பழக்குங்கள்.