கடுகும் கனியும்

கடுகுடன் கனியைச் சேர்த்தல் இக்காலத்தாரின் வீண் விநோதமென்று இகழ்வாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடுகு விழுதிற்கு வழங்கும் பெயரே, புதுத் திராட்சைச் சாற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததன்றோ? அச்சாற்றில் கடுகை அரைத்தமையால் அப்பெயர் உண்டாயிற்று. ஆதலின், கனியின் சேர்க்கை புதுமையன்று, பழைய உறவேயாம்.

பிரான்சு தேசத்துப் போன் நகரில் 1840-இல் நிறுவப்பெற்ற பல்லோ ஆலையார் இன்றும் கடுகைக் கல்லிலரைத்து, காசிஸ் என்னும் கருஞ்சிறு கனியைக் கூட்டி விற்கின்றனர். இத்தாலியிலுள்ள கிரெமோனா நகரத்தார், கனிகளைச் சர்க்கரைப் பாகில் ஊற்றிவைத்துக் கடுகின் சாரம் சேர்த்து, வேகவைத்த இறைச்சியுடன் உண்பர்.

யான் குறை கூறுவது, கனி சேர்ந்த இவ்விழுதைக் கொதிக்கவைப்பாரையே. நம் தாளிப்பிற் கடுகு நெருப்பில் வெடித்து மணம் தரும். விழுதின் இயல்போ வேறு. விதை நசுங்கி நீருடன் கலந்தபின்னரே அதன் காரம் தோன்றும். மிகு வெப்பத்தில் ஆவியாய் நீங்கும். பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் கனியின் தித்திப்பே.

ஆகவே, வாத்திறைச்சியை வறுத்தபின் பாத்திரத்தில் எஞ்சும் சாற்றை அடுப்பினின்று இறக்கி, அதன்பின் ஒரு கரண்டி விழுதைக் கலக்குக. காடியும் எண்ணெயும் கூட்டி அடித்து, பச்சையாக உண்ணும் இலைகளின்மேல் தெளிப்பினும் நன்று.

தொழிலாளி கல்லில் மெல்ல அரைத்துக் காத்த காரத்தைச் சமைப்போர் நொடியில் போக்குதல் தகுமோ? சுவையறிதலினும் பிறர் உழைப்பறிதல் பெரிதன்றோ?