விதைநெல் ஏன் பிந்தியது?

மழை விழுந்து வயலில் வெள்ளம் நின்ற பிறகு விதைநெல் வந்து என்ன பயன்? காலபோகத்துக்குப் புழுதி விதைப்பு முடியவேண்டிய நாட்களில் வராத நெல், பிறகு வந்தால் மூட்டையோடு மூலையில் கிடக்கவேண்டியதுதான். ஏக்கருக்கு 2 புசல் வருமென்று நம்பி நிலத்தை உழுது வைத்திருந்த குடும்பத்துக்கு ஒரு போகம் போய்விட்டது. வெறுங்கையோடு காணிக்குத் திரும்பியவர்களுக்கு ஒரு போகம் தவறினால் அடுத்த வருடம் முழுவதும் கடன்தான்.

எமது பகுதியில் ஒருமுறை இப்படி நடந்தபோது காரணம் கேட்டுப் போனோம். இணைப்பாளரின் ஒப்பம் வரவில்லை என்றார் களஞ்சியப் பொறுப்பாளர். பயனாளிகள் பட்டியல் கைக்குக் கிடைக்கவில்லை என்றார் இணைப்பாளர். பட்டியல் எழுதவேண்டிய வெளிக்கள உத்தியோகத்தரோ, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லை, நான்கு மாதமாக வீட்டுக்குப் போக லீவும் இல்லை என்றார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் களவெடுக்கவுமில்லை. ஆனால் மூவரும் ஒன்றாக இருந்து பேசி இரண்டு மாதமாகியிருந்தது. அதுதான் நோய்.

பணியாளர் விடயம் அலுவலகத்தாரின் பாடு, எமக்கென்ன என்று நாம் இருந்துவிடுகிறோம். அது தவறு. அவர்களுக்குள் ஒற்றுமை கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது எமது பிள்ளைகளே.

கமக்காரருக்கு இது புதிய பாடமல்ல. குளத்தின் கீழ்ப் பயிர் செய்வோர் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறோம். வாய்க்கால் எப்போது துப்புரவாக்குவது, தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிப்பது என்று எல்லோர் முன்னிலையிலும் தீர்மானிக்கிறோம். வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவரும் கடைசியில் காணி உள்ளவரும் அங்கே சமம். இதே ஒழுங்கு நிவாரண அலுவலகத்துக்கும் வேண்டும், எமது சங்கங்களுக்கும் வேண்டும்.

முதலாவது, யாருக்கு என்ன வேலை, எந்தத் திகதிக்குள் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். இரண்டாவது, கிழமைக்கு ஒருதடவை ஒரு மணித்தியாலமாவது எல்லோரும் கூடவேண்டும். சாரதியும் காவலாளியும் அதில் இருக்கவேண்டும். எந்தப் பாதை வெள்ளத்தில் மூழ்கியது என்பது இணைப்பாளரிலும் பார்க்கச் சாரதிக்கே தெரியும். பெண் பணியாளரின் சொல்லுக்கும் அதே இடம் வேண்டும். கணவனை இழந்து தனியே கமம் செய்யும் பெண்கள் தங்கள் குறையை அவர்களிடமே மனம்விட்டுச் சொல்கிறார்கள். மூன்றாவது, பொருள் வாங்குபவரும் காசு வைத்திருப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. காசோலைக்கு இரண்டு ஒப்பம் வேண்டும். இது சந்தேகத்தால் அல்ல. நேர்மையானவரை வீண்பழியிலிருந்து காப்பாற்றுவதற்கே. நான்காவது, பிழை கண்டால் அவர் முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும்; தேநீர்க் கடையில் அல்ல. தன் பிழையை முதலில் ஒப்புக்கொள்ளும் தலைவரிடம் மற்றவர்களும் மறைக்கமாட்டார்கள்.

ஐந்தாவது, ஓய்வு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், 2009இல் வன்னி மக்கள் மெனிக்பாம் முகாமில் இருந்தபோதும், சனத்துக்குப் பணி செய்தவர்களில் பலர் தாமும் அகதிகளே. பகலில் பிறர் கண்ணீரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, இரவில் தம் வீட்டுக் கண்ணீரைத் துடைத்தார்கள். அப்படிப்பட்டவரிடம் கிழமை முழுவதும் ஓய்வில்லாமல் வேலை வாங்கினால், ஒருநாள் அவர் எம்மீது எரிந்து விழுவார்; அல்லது ஒன்றிலும் அக்கறையில்லாதவராகிவிடுவார். உழவு மாட்டுக்கே இளைப்பாற விடுகிறோம். மனிதருக்கு வேண்டாமா?

எமது பக்கத்திலும் குறை உண்டு. எங்கள் பெயரை முதலில் போடுங்கோ தம்பி என்று இரவில் வீடு தேடிப் போகிறோம். சொந்தக்காரர் என்று உரிமை கொண்டாடுகிறோம். கிடைக்காவிட்டால் கதை கட்டுகிறோம். பட்டியலைத் திருத்தச் சொல்லி ஒருவரைத் தனியே நெருக்கும்போது அந்தக் குழுவை நாமே உடைக்கிறோம். பட்டியலைப் பொது மண்டபத்தில் எல்லோர் முன்னும் வாசிக்கச் சொல்லிக் கேட்போம். அது எமது உரிமை. தனியே போய்க் கேட்காதிருப்போம். அது எமது கடமை.

அடுத்த காலபோகத்துக்கு முன்னர் உங்கள் ஊரில் வேலை செய்யும் பணியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் எல்லோரும் கடைசியாக எப்போது ஒன்றாக இருந்து பேசினீர்கள்?" போன கிழமை என்றால் மனம் ஆறுதலாக நிலத்தை உழுங்கள். பதில் வர நேரமெடுத்தால், விதைநெல்லுக்கு முன்னர் அவர்களுக்கு ஒரு கூட்டத்தை ஒழுங்கு செய்யுங்கள்.