காலடிக்கு ஒரு விளக்கு

"டார்ச் விளக்கு வாங்குவதைப் பற்றிக்கூட ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உபதேசம் செய்ய வேண்டுமா?" என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். முன்பெல்லாம் இந்த விஷயத்தில் உபதேசத்துக்கு இடமே இருந்ததில்லை என்பது உண்மைதான். கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "இரண்டு கட்டையா, மூன்று கட்டையா?" கொஞ்சம் வசதியுள்ள வீடாயிருந்தால் ஐந்து கட்டை டார்ச்சு வாங்குவார்கள். அதைக் கொண்டு தோட்டத்துக்கு வெளிச்சமும் காட்டலாம். திருடன் வந்தால் அவன் முதுகில் ஒன்று வைக்கவும் செய்யலாம்.

இப்போது அந்தக் காலம் போய்விட்டது. கடையில் போய் நின்றால் கைவிளக்கு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, சட்டைப் பையில் செருகும் விளக்கு என்று ஐம்பது தினுசுகளைப் பரப்பி வைக்கிறார்கள். ஒவ்வொன்றின் பெட்டியிலும் ஆயிரம், பத்தாயிரம் என்று எண்களை அச்சடித்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் மலைக்கும் காட்டுக்கும் போக எண்ணியிருக்கும் குடும்பத்தார் எதை வாங்குவது என்று தெரியாமல், எண் பெரிதாக உள்ளதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நானும் அப்படி வாங்கி ஏமாந்தவன்தான். ஆகவே இந்த வாரம் என் அநுபவத்தைச் சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு பங்குனி மாதம், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், கோயமுத்தூருக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரி மலைக்குப் புறப்பட்டோம். நான், என் மாமனார், கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன், ஆக மூவர். ஏழு மலைகளை ஏறிக் கடந்து சுவாமி தரிசனம் செய்ய வேண்டும். பகல் வெயிலுக்கு அஞ்சி, பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு இரவிலேயே ஏறத் தொடங்குகிறவர்கள் பலர். என் மாமனாருக்கு வயது அறுபத்தாறு. "இந்த வருஷம் போகாவிட்டால் அப்புறம் முழங்கால் உத்தரவு கொடுக்காது" என்று அவர் சொன்ன பிறகு மறுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

வெளிச்சத்துக்கு நான் ஏற்றுக்கொண்ட பொறுப்பு, ஒரு புதிய கைவிளக்கு. "மாமா, இது பத்தாயிரம் லூமன்!" என்று தங்கை மகன் அதைத் தூக்கிப் பிடித்து எதிர்மலையைக் காட்டினான். மரங்களெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் மலையில் கற்படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. அங்கே ஒரு திருப்பத்தில், மேலிருந்து சில வாலிபர்கள் இறங்கி வந்தார்கள். எல்லோருடைய நெற்றியிலும் விளக்கு. அவர்களில் ஒருவர் மரியாதையாக "சாமி, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று என் மாமனாரைப் பார்த்துச் சொன்னார். பார்த்துச் சொன்னதுதான் வினை! நெற்றி விளக்கு முகம் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பும் அல்லவா? அவ்வளவு வெளிச்சமும் கிழவரின் கண்களில் விழுந்தது. அடுத்த படியை அவரால் பார்க்க முடியவில்லை. கால் வழுக்கியது. மூங்கில் தடி கையில் இருந்ததால் பள்ளத்தில் விழாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் இரத்தம். அந்த வாலிபர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர்மீது குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கள் விளக்கும் அதற்கு முன் எத்தனை பேர் கண்ணைக் குத்தியதோ!

காயத்தைக் கட்டிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினோம். மூன்றாவது மலையில் எங்கள் பத்தாயிரம் லூமன் மங்கி, மேலும் மங்கி, அணைந்தே போயிற்று. கைபேசிகளில் இருந்த சொற்ப மின்சாரத்தை வெளிச்சத்துக்குச் செலவிட்டால், ஆபத்துக்கு ஒரு வார்த்தை பேச வழியில்லை. இருட்டென்றால் அப்படிப்பட்ட இருட்டு. யானைகள் நடமாடும் காடு. பக்கத்தில் காயம்பட்ட கிழவர். படியோரத்தில் மூவரும் உட்கார்ந்துவிட்டோம்.

அப்போது மலைமேல் உள்ள கடைக்குச் சாமான் சுமந்து செல்லும் ஒருவர் வந்தார். தலையில் சுமை, நெற்றியில் ஒரு சிறு விளக்கு. அந்த விளக்கின் ஒளி அவர் காலடிக்கு முன்னால் நாலைந்து முழத்துக்குமேல் போகவில்லை. எங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டு, "என் பின்னாலேயே வாங்க சாமி" என்றார். மேலே போகப் போகப் பனிமூட்டம் கவிந்தது. அவர் உடனே விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி இடுப்புக்கு நேராகக் கையில் பிடித்துக்கொண்டார். நான் பொறுக்கமாட்டாமல், "இவ்வளவு வெளிச்சம் உங்களுக்குப் போதுமா, சாமி?" என்று கேட்டேன்.

"மலை ஏறுறதுக்கு மலை தெரிய வேண்டாமுங்க. அடுத்த படி தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார் அவர்.

இருபது வருஷமாகப் பௌதிகம் கற்பித்து வரும் எனக்கு அந்த ஒரு வாக்கியம் உறைத்தது. ஊருக்கு வந்து, சாவகாசமாகக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பழைய டார்ச்சில் இழை பல்பு இருந்தது. அதற்குக் கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாயிற்று. இன்றைய விளக்கில் இருப்பது எல்.ஈ.டி. என்னும் சிறு சில்லு. சிவப்பு ஒளி தரும் சில்லு 1962லேயே வந்துவிட்டது. ஆனால் வெள்ளை ஒளிக்கு நீலச் சில்லு அவசியமாயிருந்தது. அதைச் சாதித்தவர்கள் ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர். இதற்காகவே 2014ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சைப் பூசினால், இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நல்ல எல்.ஈ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் ஒளி தரும். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு.

இனி வரவு செலவைப் பாருங்கள். இவ்விளக்குகளில் சாதாரணமாகப் போடும் லிதியம் பாட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அதன் பொருள். நல்ல பாட்டரியாயிருந்தால் அதன் கொள்ளளவு சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணி. அதன் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி கிடைக்கிறது. வரவு அவ்வளவுதான். 100 லூமனாகச் செலவிட்டால் சுமார் பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுவதும் எரியும். 1000 லூமனாகச் செலவிட்டால் ஒன்றேகால் மணி. 10,000 லூமன் என்று ஊதாரித்தனம் செய்தால் ஏழெட்டு நிமிஷத்தில் திவால்! எங்கள் விளக்கு ஒரே பாட்டரியோடு மூன்றாவது மலை வரையில் எரிந்ததென்றால், பெட்டியில் போட்டிருந்த எண் சுத்தப் பொய் என்பது விளங்குகிறது. அந்தப் பாட்டரியின் மேல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்ததும் அதே ஜாதிப் பொய்தான்.

நாணயமான தயாரிப்பாளர்கள் எப்.எல். 1 என்னும் அமெரிக்க அளவுமுறையைப் பின்பற்றி எண்களைத் தருகிறார்கள். இது 2009ல் ஏற்பட்டது. இதிலும் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. "இத்தனை மணி நேரம் எரியும்" என்று அவர்கள் சொல்லுவது, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையில் உள்ள நேரம். "இத்தனை மீட்டர் எட்டும்" என்று சொல்லுவது, முழுநிலவின் அளவுக்கு மங்கிய ஒளி விழும் தூரம். மேலும், 100 மீட்டர் எட்டும் விளக்கை 200 மீட்டர் எட்டச் செய்ய வேண்டுமானால், அந்தத் திசையில் பாயும் ஒளி இரண்டு மடங்கானால் போதாது. நான்கு மடங்காக வேண்டும். நமக்குத் தேவையில்லாத தூரத்துக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்கிறோம், பாருங்கள்!

அப்படியானால் எதை வாங்குவது?

நடைப் பிரயாணத்துக்கு நெற்றி விளக்கே உத்தமம். இரண்டு கைகளும் தடிக்கும் பிடிமானத்துக்கும் கிடைக்கின்றன. கன்னியாகுமரிப் பக்கத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொள்வதும் இதனாலேதான். உச்ச வெளிச்சம் 200 முதல் 400 லூமன் வரையில் இருந்தால் தாராளம். அதைவிட முக்கியம், குறைத்து வைக்கும் நிலைகள். நடப்பதற்கு 50 முதல் 100 லூமன். தங்கும் இடத்தில் பாத்திரம் தேடுவதற்கு 10 லூமன் போதும். விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்க்க வசதி இருக்க வேண்டும். அது இல்லாத விளக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சிவப்பு ஒளியும் இருந்தால் நல்லது. நம் கண் இருளுக்கு முழுவதும் பழகுவதற்கு இருபது முப்பது நிமிஷம் ஆகிறது. வயதானவர்களுக்கு இன்னும் தாமதம். பளீரென்ற வெள்ளை ஒளி ஒரு நொடியில் அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு ஒளி அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

வெள்ளையிலும் பேதம் உண்டு. 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. கடையில் கண்ணைப் பறிக்கும். 4000 முதல் 5000 கெல்வின் வரையிலுள்ள வெள்ளையில் மண், சருகு, வேர் எல்லாம் ஏறக்குறைய இயல்பான நிறத்தோடு தெரியும். பாதையில் கிடப்பது குச்சியா, பாம்பா என்று அறிவதற்கு இது உதவி.

மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி இருந்தால் சாரலைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 ஆனால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது.

சுமை தூக்குகிறவர் பனியில் விளக்கைக் கழற்றினாரே, அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால், பனித்துளிகளில் பட்ட ஒளி நேரே கண்ணுக்குத் திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். அன்றியும், பார்க்கும் கோட்டிலேயே ஒளி போவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும்; மேடும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தோன்றும். விளக்கு தாழ்ந்திருந்தால் நிழல் நீண்டு விழுந்து, பள்ளம் பள்ளமாகத் தெரியும். இதையெல்லாம் அவர் எந்தக் கலாசாலையிலும் படித்தவரல்ல. நான் படித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை!

இன்னும் சில எச்சரிக்கைகள். ஒருவருக்கு ஒரு விளக்கு, குழுவுக்கு உபரியாக ஒன்று என்று கொண்டு செல்லுங்கள். மாற்றுப் பாட்டரியைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் ஒரே பையில் போடாதீர்கள். உலோகம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். பழைய கட்டையோடு புதிய கட்டையைச் சேர்த்துப் போடாதீர்கள். எதிரே ஆள் வந்தால், பேசுவதற்கு முன் விளக்கைத் தாழ்த்துங்கள் அல்லது கையால் மறையுங்கள். இது மலையேறுகிறவர்களின் முதல் மரியாதை என்று குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை. விளக்கு வாங்கிய அன்றே பாட்டரியை முழுதும் ஏற்றி, நடப்பதற்கான வெளிச்சத்தில் வைத்து, இரவு படுக்கும்போது ஏற்றிவிடுங்கள். எத்தனை மணிக்கு மங்குகிறது என்று எழுந்து பாருங்கள். பெட்டியிலுள்ள எண்ணை மறந்துவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லும் விளக்கு வீட்டிலேயே அகப்பட்டுக்கொள்ளட்டும். மூன்றாவது மலையில் வேண்டாம்.

இப்படிப் பரீட்சை செய்து நான் வாங்கிய நெற்றி விளக்குகள் மூன்று. என் மாமனாரின் முழங்கால் ஆறிவிட்டது. இந்த வருஷமும் போக வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கென்று வாங்கியதை மட்டும் காணவில்லை. தேடிப் பார்த்ததில், நேற்று மின்சாரம் நின்றபோது என் மாமியார் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு சமையலறையில் நிம்மதியாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் சாப்பிட வந்ததும், சொல்லிக்கொடுக்காமலே விளக்கைத் தாழ்த்திக்கொண்டார். ஆகவே நான்காவது விளக்கு ஒன்று வாங்குவதென்று தீர்மானித்திருக்கிறேன்.