வாசல்வரை சென்று திரும்பலாமா?



திருபுவனையில் மாலை மக்தபில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்தி, அரசுக் கல்லூரியில் கணிதப் பட்டம் முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதி, காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கணிதத்திற்கு இடம் பெற்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று நாம் மகிழ்ந்திருந்த வேளையில், அவளுடைய தந்தை இஷாவுக்குப் பிறகு நம்மைத் தேடி வந்தார். கட்டணம் செலுத்த மூன்று நாள்களே மீதமிருந்தன. அவர் கேட்டது ஒரு மார்க்கக் கேள்வி.

"ஹஜ்ரத், பொம்பளப் புள்ள தனியா இவ்ளோ தூரம் போயி படிக்கிறது கூடுமா?"

நாம் முஃப்தி அல்லோம். இஸ்லாமியக் கல்வியில் டிப்ளமோ முடித்து மக்தபில் ஓதிக் கொடுப்பவர். ஆயினும் அறிந்ததைச் சொன்னோம். தொழுகையைச் சுருக்குவதற்குரிய பயண தூரத்தை அறிஞர்கள் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் அளவில் வைத்திருக்கிறார்கள். மஹ்ரம் இல்லாமல் பெண் செய்யும் பயணத்தைப் பற்றிய சட்டத்தையும் ஹனஃபி நூல்கள் அந்தப் பயண தூரத்தோடு இணைத்தே பேசுகின்றன. நம் ஊரிலிருந்து காலாப்பட்டு நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காலையில் சென்று மாலையில் திரும்பும் வழி அது. பாதுகாப்பும் ஒழுக்கமும் பேணப்பட வேண்டும் என்பது தனி; அதில் மாற்றுக் கருத்தில்லை. மேலும் விளக்கம் வேண்டுமெனில் ஆலிம் ஒருவரிடம் அழைத்துச் செல்வதாகவும் கூறினோம்.

அவருடைய முகம் தெளியவில்லை. தேநீர் வந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. முந்தைய நாள் சான்றிதழ்களைச் சரிபார்க்கத் தந்தையும் மகளும் சென்றிருக்கிறார்கள். பேருந்தில் 'காலேஜ்' என்று சொல்லிச் சீட்டு வாங்கி, வேறொரு வாசலில் இறங்கிவிட்டார்கள். வெயிலில் நடந்து சரியான வாசலை அடைந்த பின்னும், உள்ளே எந்தச் சாலை எங்கே போகிறது என்று புரியவில்லை. கணிதத் துறை எது என்று யாரிடமும் கேட்க நா எழவில்லை. மிதிவண்டிகளில் பேசிச் சிரித்தபடி சென்ற பிள்ளைகளைப் பார்த்து மகள் கூனிக் குறுகினாள். இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, வேலை முடியாமலே திரும்பி விட்டார்கள்.

"அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கான எடம் இல்ல ஹஜ்ரத்."

அவர் நம்மிடம் ஃபத்வா கேட்டு வந்தார். அவருக்குத் தேவைப்பட்டதோ வழி. நம் சமுதாயத்தில் இது அடிக்கடி நடக்கிறது. அச்சத்தையும் கூச்சத்தையும் அப்படியே சொல்ல நமக்கு நாணமாக இருக்கிறது. அதனால் அவற்றுக்கு மார்க்கத்தின் ஆடையை உடுத்தி விடுகிறோம். மார்க்கம் அதற்கு ஏன் பழி சுமக்க வேண்டும்?

வழி தவறியதில் அவமானம் ஏதுமில்லை. வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் கல்விப் பயணம் வருகிறது. தமக்குத் தெரியாததைக் கற்றவர் ஒருவர் இருக்கிறார் என அறிந்து, ஓர் இளைஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். சேர வேண்டிய இடத்தை அறியாமலேயே கடந்து போய்விடுகிறார்கள். களைப்பு மேலிட்டு உணவு கேட்டபோதுதான், பாறையருகே மீன் நழுவிப் போனதை அந்த இளைஞர் நினைவுகூர்கிறார். தேடி வந்த இடம் அதுதான் என்று தெரிந்ததும், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடக்கிறார்கள். ஒரு நபியே தாண்டிப் போய்த் திரும்பி வந்து சேர்ந்த வழி அது. அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை, பாறைக்குத் திரும்பினார்கள். இதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நாளைக்கு நீங்களும் வர்றீங்களா?" என்றார்.

மறுநாள் மூவருமாகப் புறப்பட்டோம். திருபுவனையிலிருந்து கண்டமங்கலம், அரியூர், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிப் பேருந்து நிலையம். அங்கிருந்து முத்தியால்பேட்டையைக் கடந்தால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டு வந்தால் மீண்டும் புதுச்சேரி. வீட்டிலிருந்து வகுப்பறைவரை ஒரு பிள்ளை எத்தனை முறை மாநில எல்லையைக் கடக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். கோட்டக்குப்பம்வரை அந்தத் தந்தைக்கு ஒவ்வொரு தெருவும் தெரிந்திருந்தது. உறவினர் வீட்டு நிக்காஹ்களுக்குப் பலமுறை வந்தவர். முன்பின் அறியாத ஊரில் நள்ளிரவில் இறங்கினாலும் கல்யாண மண்டபத்தைக் கண்டுபிடித்துவிடும் நாம், பட்டப்பகலில் ஒரு துறை அலுவலகத்தைக் கேட்டுப் போகத் தயங்குகிறோம். பிரியாணியின் மணம் வழிகாட்டுகிறது போலும்!

காலாப்பட்டில் குழப்பம் வருவதற்குக் காரணமும் உண்டு. அந்தச் சாலையில் சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. 'காலேஜ்' என்றால் நடத்துநர் எதையென்று எடுத்துக்கொள்வார்? 'யுனிவர்சிட்டி' என்று சொன்னாலும் இப்போது போதாது. பழைய பொறியியல் கல்லூரி 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டதால், பல்கலைக்கழகமே இரண்டாகிவிட்டது. 'சென்ட்ரல் யுனிவர்சிட்டி' என்று தெளிவாகச் சொல்லி ஏற வேண்டும்.

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஏறக்குறைய 800 ஏக்கர். மூன்று சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நம் ஊர்களில் ஒரு கல்லூரி என்றால் ஒரு வாசல், ஒரு மைதானம், இரண்டு மூன்று கட்டடங்கள். அந்தக் கண்ணோடு அங்கே நுழைந்தால் திகைப்புத்தான் ஏற்படும். வாசலுக்குள் நுழைந்துவிட்டால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று எண்ணுவதுதான் முதல் பிழை. உள்ளே வந்த பிறகும் ஒரு பயணம் பாக்கியிருக்கிறது. வளாகத்துக்குள் ஓடும் பேருந்து அதற்காகத்தான்.

இரண்டாவது பிழை பெயர்களால் வருவது. நாம் பாடத்தின் பெயரைத் தேடுகிறோம். பலகையிலோ மனிதரின் பெயர் இருக்கிறது. கணிதம் இராமானுஜன் பெயரிலும், தமிழ் சுப்பிரமணிய பாரதியார் பெயரிலும் உள்ள புலங்களில் இருக்கின்றன. 'புலம்' என்பது பெரிய குடும்பம். 'துறை' அதனுள் ஒரு வீடு. மாணவர் விடுதிகளுக்குக் காளிதாசர், கண்ணதாசன் என்று புலவர்களின் பெயர். மைய நூலகம் ஆனந்த ரங்கப்பிள்ளையின் பெயரைத் தாங்கியது. துய்ப்ளேயின் துபாஷாக இருந்து, 1736 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதிய நம் புதுவைக்காரர் அவர். இவை தெரியாதவருக்கு அந்தப் பலகைகள் இருந்தும் இல்லாதவையே. முந்தைய நாள் அந்தப் பெண் இராமானுஜன் பெயரைக் கண்டிருக்கிறாள். அது யாருடைய நினைவு மண்டபமோ என்று எண்ணிக் கடந்து போனாளாம்! கணிதம் படித்தவள். பதற்றம் அறிவை அப்படித்தான் மறைக்கிறது.

வாசலில் இருந்த காவலர் நம் தொப்பியைப் பார்த்துவிட்டு, "பாய், எங்க போவணும்?" என்று அவரே கேட்டார். துறையைச் சொன்னோம். கையை நீட்டி வழி காட்டியதோடு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவியை அழைத்துக் கூடவே அனுப்பினார். அவளுடைய நெற்றியில் சந்தனம். நம் பிள்ளையைத் துறை வாசல்வரை கொண்டுசேர்த்துவிட்டு, நூலகத்தை மனத்தில் நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பழகிக்கொள் என்று ஓர் உபாயமும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாற்றாரிடம் வழி கேட்பதில் நம்மில் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. ஹிஜ்ரத்தின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். வழி அறிந்தவர், நம்பத்தக்கவர் என்பதே கணக்கில் கொள்ளப்பட்டது. அவர் அழைத்துச் சென்றதும் கடலோரப் பாதைதான்.

தந்தைக்கு இன்னொரு கவலை இருந்தது. லுஹர் தொழுகைக்கு என்ன செய்வாள்? உளூவோடு புறப்பட்டு, சிறிய விரிப்பொன்றைப் பையில் வைத்துக்கொண்டால், ஓர் ஓரம் கிடைக்காமலா போகும்? கிப்லாவுக்கும் கருவி தேவையில்லை. அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை கரையை ஒட்டிப் போகிறது. அந்தச் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் ஏறத்தாழக் கிப்லாவின் பக்கம்தான். நமக்குக் கிப்லா நேர் மேற்கன்று, சற்றே வடக்கு சாய்ந்த மேற்கு. இதைச் சொன்னதும் அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தாள். "அப்போ தொழுற பக்கத்த வச்சே வழியும் கண்டுபிடிச்சிரலாம் ஹஜ்ரத்" என்றாள். நமக்குத் தோன்றாத யோசனை அது.

மாலைப் பேருந்தின் நெரிசலும், மழைக்காலத்தில் வீடு திரும்பும் நேரமும் மெய்யான சிரமங்கள். அவற்றை நாம் மறுக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு விடுதியே பொருத்தமாக இருக்கலாம். இவற்றைப் பெற்றோர் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கட்டும். ஆனால் முதல் நாள் வழி தெரியாமல் நின்றதை வைத்து இரண்டு ஆண்டுப் படிப்பை முடிவு செய்வது, பிள்ளையின் உழைப்புக்கு நாம் செய்யும் அநீதி.

இந்தச் சுமையை ஒரு தந்தை மட்டும் தூக்கவும் கூடாது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் மாணவர்கள் தங்குவதற்கு 'ரிவாக்' என்னும் பகுதிகள் இருந்தன. மஃக்ரிபிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, சிரியாவினருக்கு ஒன்று என ஊர்வாரியாக. அந்நிய நகரத்தில் வந்து இறங்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் மொழி பேசும் மூத்த மாணவர்கள் அங்கே இருந்தார்கள். நம் ஜமாஅத்துகளில் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. சந்தாப் பதிவேடு இருக்கிறது. வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் பாகூரிலும் மதகடிப்பட்டிலும் மேற்படிப்புக்குச் சென்ற பிள்ளைகளின் பதிவேடு ஒன்று இருக்கலாகாதா? ஆண் ஒருவர், பெண் ஒருவர், பேசுவதற்கு ஒரு எண், அவ்வளவே. சேர்க்கை தொடங்கும் மாதத்தில் ஜுமுஆவுக்குப் பின் ஓர் அறிவிப்பு, "சான்றிதழ் சரிபார்ப்புக்கு முந்தைய நாளே ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள், கூட வர இன்னார் இருக்கிறார்" என்று. செலவு பேருந்துக் கட்டணம்தான். ஜமாஅத் நிர்வாகிகள் சிலரிடம் இதைப் பேசினோம். ஒருவர் "பார்ப்போம்" என்றார். அந்தச் சொல்லின் பொருளை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே மீண்டும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

கட்டணம் அன்றே செலுத்தப்பட்டது. முதல் வாரம் தந்தை காலாப்பட்டுவரை கூடவே போய் வந்தார். இரண்டாம் வாரம் புதுச்சேரிப் பேருந்து நிலையம்வரை. இப்போது திருபுவனை நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறார். சென்ற வாரம் அங்குள்ள தேநீர்க் கடையில் யாரோ ஒருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது நம் காதில் விழுந்தது: "வெறும் காலேஜ்னு சீட்டு வாங்காதீங்க. சென்ட்ரல் யுனிவர்சிட்டின்னு சொல்லுங்க. உள்ள போனதும் மொதல்ல லைப்ரரி எங்கன்னு கேளுங்க."