பரணில் இருக்கிறது பாதித் திரையரங்கு

புதிய டி.வி. வந்ததும் பழைய ஸ்பீக்கர்களை எடைக்குப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குள் சினிமா ஒலியைக் கொண்டுவர அவையே நல்ல அஸ்திவாரம்.

தில்லியோ மும்பையோ பெங்களூரோ, நடுத்தர வர்க்கத்து ஹாலில் இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. சுவரில் 55 அங்குல டி.வி. படம் கண்ணைப் பறிக்கிறது. சத்தம்தான் காலை வாருகிறது. சண்டைக் காட்சி வந்ததும் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுவாரோ என்று அப்பா ரிமோட்டில் ஒலியைக் குறைக்கிறார். அடுத்த காட்சியில் கதாநாயகி முணுமுணுத்ததும் அவசரமாகக் கூட்டுகிறார். ஓரத்து நாற்காலியில் இருக்கும் பாட்டி, "இப்ப என்னடா சொன்னான்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார். பேரன் சப்டைட்டிலைப் போட்டுவிடுகிறான். ஆங்கில எழுத்து பாட்டிக்குப் படிக்க வராது என்பது அவன் நினைவுக்கு வருவதில்லை.

இத்தனைக்கும் அதே வீட்டுப் பரணில், பழைய படுக்கை விரிப்பு சுற்றிய இரண்டு மரப்பெட்டிகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. 1980களில் தவணையில் வாங்கிய ஸ்டீரியோ ஸ்பீக்கர்கள். சோனோடைன், காஸ்மிக், நோர்ஜ், ஃபிலிப்ஸ் என்று அந்தக் காலத்துப் பெருமைக்குரிய பெயர்களில் ஏதோ ஒன்று அவற்றின் முகப்பில் இருக்கும். "அதையே மாட்டினால் என்ன?" என்று ஷோரூமில் விசாரித்தால், "அதெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு சார். அஞ்சு ஸ்பீக்கரும் சேர்ந்த செட்டா வாங்கிடுங்க" என்ற பதில் தயாராக இருக்கிறது.

விற்பனையாளர் சொல்வது டி.வி.க்குப் பொருந்தும். ஆம்ப்ளிஃபயருக்கும் ஓரளவு பொருந்தும். ஸ்பீக்கருக்குப் பொருந்தாது. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருள்; அதில் ஒட்டிய கூம்பு; மின்சாரத்துக்கேற்ப அது முன்னும் பின்னும் அசைந்தால் ஒலி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925இல் விளக்கிய அமைப்பு இது. நூறு ஆண்டுகள் கழிந்தும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இப்படித்தான் இயங்குகின்றன. 1970களில் பி.பி.சி. பொறியாளர்கள், ஒலிபரப்பு வேன் போன்ற நெருக்கடியான இடங்களில் பேச்சொலியைச் சரிபார்ப்பதற்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரை இன்றும் ஆர்வலர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

மாறியது ஸ்பீக்கர் அல்ல, அதற்கு வந்து சேரும் ஒலியின் பாதை. 'ஷோலே' 1975இல் 70 எம்.எம். திரையில் வந்தபோது ஆறு தடங்களில் ஒலி கேட்டது. அந்த அனுபவம் அரங்கோடு முடிந்தது. வீட்டு ரேடியோகிராமுக்கு வரவில்லை. டால்பி நிறுவனம் 1982இல் வீட்டுக்கான சரவுண்ட் முறையைக் கொண்டுவந்தது. 1987இல் வந்த புரோ லாஜிக், வசனத்துக்கென்று நடுவில் ஒரு தனித் தடத்தைப் பிரித்துத் தந்தது. 1990களின் பிற்பகுதியில் டி.வி.டி. வந்தபோது ஐந்து தடங்களும் தாழ்ந்த ஓசைக்கான ஒரு தடமும் தனித்தனியாகப் பதிவாகி வந்தன. 5.1 என்ற எண் குறிப்பது இதைத்தான். இன்று இணையம் வழியே வரும் பல படங்களிலும் இந்த ஆறு தடங்கள் இருக்கின்றன. மெல்லிய டி.வி.யின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் விரல் நீள ஸ்பீக்கர்களுக்குள் அவை அத்தனையும் திணிக்கப்படும்போது முதலில் அடிபடுவது வசனம்.

எனவே செய்ய வேண்டியது எளிது. பழைய ஜோடியை முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்களாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றிச் சேர்ப்பது. பணத்தை ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை என்பது இதில் உள்ள பெரிய வசதி.

முதல் வேலை, பரணிலிருந்து இறக்கியதைப் பரிசோதிப்பது. முகப்புத் துணியைக் கழற்றி வூஃபரைப் பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராலோ துணியாலோ ஆனதென்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஃபோம் என்றால் பதினைந்து, இருபது ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் அதற்கு ஆயுள் இன்னும் குறைவு. இதற்காக ஸ்பீக்கரையே கைவிட வேண்டாம். சென்னை ரிச்சி தெரு, மும்பை லாமிங்டன் ரோடு, தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூர் எஸ்.பி. ரோடு ஆகிய கடைத்தெருக்களில் விசாரித்தால் வளையம் மாற்றிக் கொடுப்பவர்களைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

அடுத்து, கூம்பை இரு கை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்திப் பார்க்கலாம். சத்தமில்லாமல் போய்வந்தால் நலம். கரகரவென்று உரசினால் உள்ளே கம்பிச் சுருள் நிலை தவறியிருக்கிறது. ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டால் போதும். பாஸிடிவ் முனை பாஸிடிவில் பட்டதும் வூஃபர் வெளியே தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் போனால் ஒன்றில் ஒயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தாழ்ந்த ஓசை காணாமல் போகும். பாட்டு மங்கலாகக் கேட்டால், பெட்டிக்குள் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும் கப்பாசிட்டர் வற்றியிருக்கலாம். அதே அளவில் புதியது போடுவது சிறிய செலவு.

பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஓம். பழைய ஸ்பீக்கர்கள் 4 அல்லது 8 ஓம் இருக்கும். இன்றைய ஏ.வி. ரிசீவர்கள் பல, 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எச்சரிக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரைவிட 4 ஓம் ஸ்பீக்கர் இரட்டிப்பு மின்னோட்டத்தை இழுக்கும். தாங்காத ரிசீவர் சூடாகி நின்றுவிடும். 4 ஓம் ஜோடி வைத்திருப்பவர்கள் அதை ஏற்கும் ரிசீவரைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து இணைத்தாலும் அது 4 ஓம்தான் என்பதை மறக்கக் கூடாது.

மற்றொன்று, டெசிபலில் குறிக்கப்படும் உணர்திறன். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஒலி என்பது கணக்கு. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆகவே ஸ்பீக்கரைப் பார்க்காமல் ரிசீவரின் வாட்டை மட்டும் பார்த்து மயங்குவதில் பொருளில்லை. 1990களில் கைக்கடக்கமான டேப்ரெகார்டரின் மீதெல்லாம் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பளபளத்த ஸ்டிக்கர்கள் பலருக்கு நினைவிருக்கும். எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத விளம்பர எண் அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். சாதாரண ஹாலுக்குச் சேனலுக்கு 50 வாட் இருந்தாலே தாராளம்.

ரிசீவருக்கு அடுத்த செலவு எதற்கு? பலர் சப்வூஃபரைத்தான் தேடுகிறார்கள். வெடிகுண்டு வெடித்தால் சோபா அதிர வேண்டும் என்பது ஆசை. ஆனால் பாட்டியின் கேள்விக்குச் சப்வூஃபரிடம் பதில் கிடையாது. சினிமா வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. பழைய ஜோடிக்குப் புதிய கூட்டாளி தேடுவதில் கடினமான கட்டமும் இதுதான். முன்னால் இருக்கும் மூன்றும் ஒரே குரலில் பேச வேண்டும். இல்லையேல் திரையில் இடமிருந்து வலமாக ஓடும் பேருந்து, நடுவில் வந்ததும் ஆட்டோவாகி, மறுபடியும் பேருந்தாகிவிடும். அதே நிறுவனத்தின் அதே மாடல் பழைய சந்தையில் கிடைத்தால், ஜோடியாகவே வாங்கி ஒன்றை நடுவில் வைப்பது உத்தமம். கிடைக்காவிட்டால், அதே வகை ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கரைத் தேட வேண்டும். பட்டு டோம் இருந்த இடத்தில் உலோக டோம் வைத்தால் குரலின் நிறம் மாற வாய்ப்பு உண்டு. பழைய ஜோடியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், தெரிந்த ஒரு குரலை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஒத்துப்போகும் ஸ்பீக்கர் கிடைக்கவே இல்லையென்றால்? ஒத்துப்போகாததை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல். ரிசீவரின் அமைப்பில் 'சென்டர் இல்லை' என்று குறித்துவிட்டால், வசனம் இடது, வலது இரண்டுக்கும் சமமாகப் போகும். நடுவில் உட்காருபவருக்கு அது திரையின் நடுவிலிருந்தே வருவதுபோல் தோன்றும். ஆனால் ஓரத்து நாற்காலிக்கு அந்த மாயம் எட்டாது. அங்கே இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர்தான் பேசும். வீட்டில் இரண்டு பேர் என்றால் இது போதும். ஐந்து பேர் என்றால், காத்திருந்தாவது ஒரு சென்டர் ஸ்பீக்கர் தேடுவதே சரி.

சப்வூஃபர் பிறகு வரலாம். அது வந்ததும் பழைய ஸ்பீக்கர்களுக்கும் ஓர் உபகாரம் உண்டு. ரிசீவரில் அவற்றைச் 'சிறியவை' என்று குறித்து 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிட்டால், கீழுள்ள கனத்த ஓசையெல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். வயதான கூம்புகளின் பாரம் குறையும். பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 'சிறியவை' என்று குறிப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். மழை, கூட்டத்தின் ஆரவாரம், பின்னணி இசையின் எதிரொலி ஆகியவைதான் அங்கே பெரும்பாலும் கேட்கும். சிறிய ஸ்பீக்கர்கள் போதும். நம் ஹால்களில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடப்பதால், அவற்றைப் பக்கச் சுவர்களில், காதுக்குச் சற்று மேலே, கொஞ்சம் பின்தள்ளி மாட்டலாம். ஒலி 1 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். அருகில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றின் தூரத்தையும் டேப் வைத்து அளந்து ரிசீவரில் பதிய வேண்டும். மீதிக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான ரிசீவர்களுடன் வரும் சிறிய மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால், தூரத்தையும் ஒலி அளவையும் அதுவே அளந்துகொள்ளும். அந்த நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

அறைக்கும் இதில் பங்கு உண்டு. டைல்ஸ் தரையும் வெறும் சுவர்களும் ஒலியை எறிந்து விளையாடும். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலில் கனத்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி இருந்தால் வசனம் பாதி தெளிந்துவிடும். விலையுயர்ந்த ஒயர்களும் அவசியமில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஹாலுக்குப் போதும். ஒயர் மாட்டும்போது ரிசீவர் அணைந்திருக்க வேண்டும். பிரிந்த ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆபத்து.

எல்லா ஸ்பீக்கருக்கும் இந்த மறுவாழ்வு பொருந்தாது. தனி பிளக் வைத்த, அந்த மியூசிக் சிஸ்டத்துக்கென்றே செய்த 3 ஓம் பிளாஸ்டிக் பெட்டிகளை ரிசீவரில் இணைக்காமல் இருப்பதே நல்லது. சிறிய அறையில் செய்திக்கும் தொடருக்கும் மட்டும் டி.வி. பார்ப்பவர்களுக்கு ஒரு சவுண்ட்பார் போதும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் ஐந்து ஸ்பீக்கர் தேவையில்லை. அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. சரவுண்ட் பொத்தானை அழுத்தினால் ஒலி முழுவதும் நடு ஸ்பீக்கரில் போய் ஒடுங்கிவிடும். 'ஸ்டீரியோ' என்று மாற்றினால், அந்தக் காலத்துப் பாட்டை அந்தக் காலத்துப் பெட்டிகளே பாடும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. யாரோ தாழ்ந்த குரலில் பேசும் ஒரு காட்சியைப் போட்டு, சப்டைட்டிலை அணைத்துவிட்டு, ஓரத்து நாற்காலியைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து கேள்வி எதுவும் வராவிட்டால், செலவழித்த காசு வீண்போகவில்லை.