கடையின் பெயர் யாருடைய பெயரில்?

சென்ற தைப்பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், காலை ஏழு மணியளவில், எமது படலையைத் தள்ளிக்கொண்டு அயல்வீட்டு அக்கா வந்து சேர்ந்தார். கையிலே தொலைபேசி, முகத்திலே கலவரம்.

“தம்பி, என்னுடைய கடையைக் காணவில்லை!” என்றார்.

அவர் கடையென்று கூறியது சந்தியிலே கதவு திறந்து வைத்திருக்கும் கடையன்று. வறுத்திடித்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனாட்டு, குட்டானில் வார்த்த பனங்கட்டி ஆகியவற்றை வீட்டுப் பின்விறாந்தையிலே பொதிசெய்து, ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் ஆகிய நகரங்களில் வாழும் நம்மவருக்கு அனுப்பிவரும் இணையக் கடை அது. அங்குள்ள பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோருக்குப் பொங்கற்பொதி கொடுப்பிப்பதும் அதன் மூலமே. கணவர் காலஞ்சென்ற பின்னர் ஆறாண்டுகளாக அக்குடும்பத்தைத் தாங்கிவருவதும், அயலிலே இரண்டு பெண்களுக்கு வேலை கொடுப்பதும் அக்கடையே. ஆண்டில் வேறெந்த வாரம் வியாபாரம் மந்தமானாலும் பொங்கல் வாரம் மந்தமாவதில்லை.

நாமும் கணினியைத் திறந்து கடையின் முகவரியைத் தட்டிப் பார்த்தோம். பனங்கட்டியைக் காணோம். வெற்றுத்தாள் போன்ற ஒரு பக்கத்திலே, இப்பெயரின் தவணை முடிந்துவிட்டதென்ற ஆங்கில வாசகமும், அதன்கீழே எமக்குச் சற்றுந் தொடர்பில்லாத நாலைந்து விளம்பரங்களும் இருந்தன. உண்மையிலே கடை தொலையவில்லை. படங்களும் விலைப்பட்டியலும் கணக்குகளும், அக்கா மாதந்தோறும் பணங்கட்டும் கடைத்தளக் கம்பனியிலே பத்திரமாக இருந்தன. கடைக்குச் செல்லும் ஒழுங்கைதான் அடைபட்டுப் போயிற்று.

இவ்விடத்திலே நேயர்களுக்கு ஒரு விளக்கம் கூறவேண்டியிருக்கிறது. இணையப் பெயரை, அதாவது கணினிக்காரர் ‘டொமைன்’ என்று வழங்குவதை, நாம் விலைக்கு வாங்கியதாகச் சொல்லிக்கொள்கிறோம். அது தவறு. அது குத்தகை. டொட் கொம் என்று முடியும் பெயரொன்றை ஒரே முறையில் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துவைத்தல் இயலாது. தவணைக்குத் தவணை புதுப்பிப்பவருக்கே பெயர் உரியது. இப்பெயர் முறையனைத்தையும் மேற்பார்வை செய்வது, 1998ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அமைக்கப்பெற்ற ஐகான் என்னும் சபை. டொட் கொம் பெயர்களின் தோம்பேட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற கம்பனி. நாம் நேரே அவ்விடஞ் சென்று பெயர் எழுதிக்கொள்ள முடியாது. இடையிலே பதிவுக் கம்பனி ஒன்று நிற்கிறது. காணிக் கந்தோருக்கும் காணிக்காரனுக்கும் நடுவே நொத்தாரிசு நிற்பதைப் போல என்று கொள்ளலாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நொத்தாரிசு தமது தொழிலை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போனாலும் எமது வளவு எமது வளவாகவே கிடக்கும். பதிவுக் கம்பனி கைமாறும்போது, புதியவர் எழுதும் கடிதம் எமக்குக் கிட்டாவிடின், வளவே கைவிட்டுப் போகவுங்கூடும்.

அக்காவுக்கு நேர்ந்தது இதுவே. பெயரைப் பதிந்து கொடுத்தவர் அவருடைய பெறாமகன். அந்நாளிலே பல்கலைக்கழக மாணவர். பதிவு அவருடைய பெயரில். கடிதம் போகும் முகவரி அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சல். பட்டம் பெற்றதும் அந்த மின்னஞ்சல் மூடப்பட்டது. பிள்ளை மெல்பேணுக்குப் போய்விட்டார். கடன்அட்டை மாத்திரம் அக்காவுடையது. ஆண்டுதோறும் பணம் தானாகக் கழிந்துகொண்டிருந்தபடியால், எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது என்று அவர் எண்ணியிருந்தார். யார்தான் எண்ணமாட்டார்?

சென்ற ஆண்டின் நடுப்பகுதியிலே அப்பதிவுக் கம்பனியை வேறொரு கம்பனி வாங்கிற்று. பெயர்கள் யாவும் புதிய இடத்துக்கு மாற்றப்பட்டன. கடன்அட்டை விபரம் மாத்திரம் கூடவே செல்லவில்லை. புதிய கம்பனி அதனைத் தெரிவித்துக் கடிதம் எழுதியதாம். தவணை முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னரும், ஒரு வாரம் முன்னரும், முடிந்து ஐந்து நாட்களுக்குள்ளும் நினைவூட்டவேண்டும் என்பது ஐகானின் விதி; அவ்வாறே அனுப்பியும் இருக்கிறார்கள். அனைத்தும் ஆளில்லாத பெட்டியிலே வீழ்ந்தன. டிசெம்பர் 19ஆம் திகதி தவணை முடிந்தது. ஜனவரி முதல் வாரத்திலே ஒழுங்கை அடைபட்டது.

இவ்வாறான கைமாற்றம் அபூர்வமென்று நேயர்கள் கருதவேண்டா. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கூகிள் தனது பெயர்ப்பதிவு வியாபாரத்தை ஸ்குயார்ஸ்பேஸ் கம்பனிக்கு விற்பதாக அறிவித்தபோது, ஏறக்குறைய ஒரு கோடி பெயர்கள் உரிமையாளர் கேளாமலே இடம்பெயர நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலையிலே, அவ்வாறு இடம்பெயர்ந்த சில பெயர்களைத் திருடர் கைப்பற்றிப் பொய்த்தளங்களுக்குத் திருப்பிவிட்டனர். மறைநாணயத் (கிரிப்டோ) தளங்களே முக்கியமாக இலக்காயின. புதிய வீட்டின் சாவியை உடையவர் போய் எடுக்குமுன் வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்பதே ஆய்ந்தவர்களின் முடிவு. அதற்கும் முன்னர், 2007ஆம் ஆண்டிலே, ரெஜிஸ்டர்பிளை என்ற பதிவுக் கம்பனி சீர்குலைந்து, ஐகான் அதன் அங்கீகாரத்தை நீக்கியது. அதனிடமிருந்த சுமார் எட்டரை இலட்சம் பெயர்களைக் கோ டாடி கம்பனி பொறுப்பேற்றது. மறதிக்குப் பெரியவர் சிறியவர் என்ற பேதமும் இல்லை. 1999ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே மைக்ரோசொப்ட் கம்பனி தனது ‘பாஸ்போர்ட் டொட் கொம்’ பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹொட்மெயில் பாவித்தோர் உட்புக முடியாது தவித்தனர். மைக்கல் சேனி என்ற கணினி நிபுணர் தமது கைப்பணம் 35 டொலரைக் கட்டி அதனை மீட்டுக் கொடுத்தார். உலகப் பெருஞ்செல்வரின் கம்பனிக்கே அக்கதி!

நிற்க. அக்காவின் காரியத்துக்கு வருவோம். தவணை முடிந்து அன்றைக்கு 19ஆம் நாள். டொட் கொம் பெயர் தவணை முடிந்த மறுநாளே பிறருக்குப் போய்விடுவதில்லை. கம்பனியைப் பொறுத்து 45 நாட்கள் வரை சாதாரணக் கட்டணத்துடன் புதுப்பிக்க இடமுண்டு. அது கடந்தால் 30 நாட்களுக்கு மீட்புக் காலம். அப்பொழுது கட்டணம் பன்மடங்கு. அதுவும் போனால் ஐந்து நாட்களில் பெயர் அழிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடும்; வந்தவுடனே தூக்கிக்கொள்வதற்கென்றே இயந்திரங்களை வைத்துக் காத்திருப்போர் இருக்கின்றனர்.

“அப்படியென்றால் காசைக் கட்டிவிடுவோம் தம்பி,” என்றார் அக்கா. கட்டுவதற்குக் கணக்கைத் திறக்கவேண்டுமே! கணக்கின் சாவி மூடப்பட்ட மின்னஞ்சலுக்கல்லவா போகிறது! மெல்பேணுக்கு அழைத்தோம். பிள்ளை வேலைத்தலத்தில் நின்றார். விஷயத்தைக் கேட்டு, “சின்னம்மா, எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே,” என்று பலமுறை சொன்னார். அவரில் குற்றமில்லை. ஆனால் பதிவேட்டின்படி உரிமையாளர் அவரேயாதலால், அவரைத் தவிர வேறெவரும் கேட்பதற்கு வழியில்லை. கடவுச்சீட்டின் பிரதியையும் பழைய பற்றுச்சீட்டுகளையும் அவர் அனுப்ப, கம்பனி பரிசீலிக்க, ஐந்து நாட்கள் கழிந்தன. ஆறாண்டுகள் மிளகாய் வறுத்த அக்காவின் பெயர் அப்பதிவேட்டில் ஓரிடத்திலும் இல்லை. அந்த ஐந்து நாட்களும் அவர் எமது திண்ணையில் வந்திருந்து பேசாமல் போனதை நாம் மறக்கமாட்டோம்.

பொங்கலுக்கு முதல்நாள் மாலை கடை திறந்தது. பொதிகள் கட்டியபடியே விறாந்தையில் இருந்தன.

இதனோடு முடிந்ததென்று நாமும் நினைத்தோம். முடியவில்லை. கடையின் பெயரிலே ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதற்கு வரும் கடிதங்களை அக்காவின் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைப் பழைய கம்பனி செய்திருந்தது. புதிய கம்பனியோ, சேருமிடத்தை மீண்டும் உறுதிப்படுத்தினால் அன்றித் திருப்புவதில்லை என்ற விதியுடையது. ஆகவே கார்த்திகை தொடக்கம் வாடிக்கையாளர் எழுதிய கடிதங்கள் ஓசையின்றி எங்கோ மறைந்தன. கடை கண்ணுக்குத் தெரிகிறதா என்று எல்லோரும் பார்ப்பர்; கடிதம் வருகிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கவில்லை.

ஆதலால் பதிவுக் கம்பனி மாறியது என்று கேள்விப்பட்ட அன்றைக்கே செய்யவேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, கணக்கு யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அது கடைக்காரர் நாடோறும் திறக்கும் மின்னஞ்சலாக இருக்கவேண்டும். கடையின் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சலாக இருத்தல் ஆகாது. வீடு பூட்டிக்கொண்டால் சாவி உள்ளே அகப்பட்ட கதையாகிவிடும். அதன்பின் கடன்அட்டையைப் புதிதாகப் பதிவுசெய்து, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறதா என்று நோக்குக. பெயரின் பூட்டும், கடவுச்சொல்லோடு தொலைபேசிக் குறியீடும் கேட்கும் இரட்டைக் காவலும் இடம்பெயர்வின்போது நீங்கியிருக்கக்கூடும். அவற்றை மறுபடியும் இடவேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தாமாக விரும்பிப் பெயரை வேறு கம்பனிக்கு மாற்றினாலும், உரிமையாளர் விபரத்தைத் திருத்தினாலும், மின்னஞ்சலை உறுதிசெய்யுமாறு ஒரு கடிதம் வரக்கூடும். அதனைப் பதினைந்து நாட்களுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால், பணம் கட்டியிருந்தாலும் பெயரை நிறுத்திவைக்கலாம். அதற்காக வருகிற கடிதத்தையெல்லாம் நம்பி அமுக்கிவிடவுங்கூடாது. கம்பனி கைமாறும் காலத்திலே, “உடனே பணங்கட்டுக” என்று கம்பனிக்காரர் போலக் கள்ளக் கடிதம் எழுதுவோர் பெருகுவர். கடிதத்திலுள்ள இணைப்பை விடுத்து, கம்பனியின் முகவரியைத் தாமே தட்டிச் சென்று பார்ப்பதே நன்று.

பெயர் எந்தக் கணினிக்கு வழிகாட்டுகிறது, கடிதம் எங்கே சேரவேண்டும் என்பவற்றைக் குறிக்கும் பதிவுகள் சில உள. கணக்கைத் திறந்து அப்பக்கத்தை அப்படியே படம்பிடித்து வைத்தல் ஐந்து நிமிட வேலை. புதிய இடத்திலே அவை ஒவ்வொன்றும் வந்து சேர்ந்தனவா என்று ஒப்பிட்டு, வேறு முகவரியிலிருந்து கடைக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கவேண்டும். திருத்திய பதிவு உலகமெங்கும் பரவுவதற்கு இரண்டு நாட்களும் செல்லலாம். அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் மாற்றுவோர் குழப்பத்தையே பெருக்குவர். புதிய கம்பனி பிடிக்கவில்லையாயின் வேறிடம் போகலாம். பூட்டை நீக்கி, மாற்றக் குறியீட்டைப் பெற்று, ஏறத்தாழ ஒரு வாரத்திலே போய்விடலாம். டொட் கொம் பெயராயின் ஓராண்டுத் தவணையும் கூடும். ஆனால் உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால் பல கம்பனிகள் 60 நாட்கள் பூட்டிவிடும். ஆகையால் முதலிலே இடமாற்றம், பின்னரே பெயர்மாற்றம் என்ற ஒழுங்கே வசதி. வியாபாரம் மும்முரமான வாரத்திலே இதில் ஒன்றையும் தொடவேண்டா.

அக்கா இடம் மாறவில்லை. பெயரைமட்டும் தம்பெயருக்கு மாற்றிக்கொண்டார். பெறாமகன் அங்கிருந்து சொல்லச் சொல்ல, அவரே தட்டினார். ஐந்தாண்டுத் தவணைக்கு ஒரேயடியாகப் பணம் கட்டினார். தவணை முடியும் திகதியைச் சுவாமிப் படத்தின் பின்புறத்திலே எழுதிவைத்திருப்பதாகக் கேள்வி.

கடிதப் பெட்டி சீரான இரண்டாம் நாள், ஸ்காபறோவிலிருந்து ஒரு பெண்மணி எழுதிய கடிதம் வந்தது. தாயாரின் ஆட்டைத் திவசத்துக்கு, தாயார் விரும்பியுண்ட அதே மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் வேண்டுமென்று இருமுறை எழுதியும் பதிலில்லை, திவசமும் முடிந்துவிட்டது, இது மூன்றாவது கடிதம், இனி எழுதப்போவதில்லை என்றிருந்தது. அக்கா அதனை எமக்கு வாசித்துக் காட்டினார். அன்றைக்கே ஒரு கிலோ தூளும் இரண்டு குட்டான் பனங்கட்டியும் பொதிசெய்து, பணம் வேண்டாமென்று ஒரு துண்டும் எழுதிவைத்து, தபாற்கந்தோருக்கு நடந்து போனார்.

அவ்வம்மையாரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.